மாமா கொண்டுவந்த சேவல்

என் மருமகன் மொட்டை மாடியில் கோழி வளர்க்கிறார். எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. குஞ்சு வந்த வாரத்திலேயே சொட்டு மருந்து, அப்புறம் ஊசி. புதிதாக ஒரு கோழி வாங்கிவந்தால் அதைத் தனிக் கூண்டில் போட்டு வைத்து, சீக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றோடு விடுவார். “இது ரொம்ப முக்கியம் அத்தை” என்று எனக்கே பாடம் நடத்துகிறார். நானும் மண்டையை ஆட்டுகிறேன். மருமகனிடம் வாயைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நம் வயதுப் பெண்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டி, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. சின்னவர்களிடம் சொன்னால், ஒரு கோழிக்காகவா இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று சிரிப்பார்கள். நமக்குத் தெரியும், அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு பேர் விழுந்துவிட்டால் அது என்ன பாடு படுத்தும் என்று.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்குக் கிழக்கே, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. காலை வைத்தால் கணுக்கால் வரை புதைகிற மணல். தென்னையும் பனையும் விட்டால் நிழலுக்கு வேறு நாதியில்லை. அய்யா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவார். கையில் ஒரு ஓலைப்பெட்டி இருக்கும். அதற்குள் பெரும்பாலும் யாராவது கொடுத்த பொடி மீன் கிடக்கும். ஒரு நாள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கோழித்தலை எட்டிப் பார்த்தது. பாம்பன்காரர் ஒருவர் கொடுத்தாராம்.

அப்படியொரு அவலட்சணமான கோழியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் ரோமமே கிடையாது. சிவந்து சுருங்கிய வெறும் தோல். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதை யார் கட்டி மேய்ப்பது என்று கேட்டாள். புள்ளைக்குத்தான் கொண்டுவந்தேன் என்றார் அய்யா. அப்படியானால் புள்ளையே பார்த்துக்கொள்ளட்டும், என்னிடம் ஒரு கை நொய்கூடக் கேட்கக் கூடாது என்றாள் அம்மா. அப்போது எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் இரண்டு பாவாடையும்தான். அதோடு ஒரு கோழியும் சேர்ந்தது. கறுப்பி என்று பேர் வைத்தேன்.

கறுப்பி முட்டையிட்டு, அடைக்கு வந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கிட்டப் போனால் கொத்த வந்தது. எங்கள் பக்கத்தில் அடை வைப்பது சும்மா முட்டையைத் தூக்கி வைக்கிற காரியம் இல்லை. வாய் உடைந்த சட்டியில் மணலைக் கொட்டி, மேலே வைக்கோலைப் பரப்பி, ஒற்றைப்படையில்தான் முட்டை வைக்க வேண்டும். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய். எல்லாவற்றையும் விட, வைக்கிற கை ராசியான கையாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்தக் கை பெரியம்மாவுடையது. அய்யாவின் அண்ணன் பெண்சாதி, அடுத்த வீடு. அன்றைக்குப் பார்த்துப் பெரியம்மா தேவிபட்டினத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கோழி காத்திருக்குமா? அம்மா சலித்துக்கொண்டு, நீயே வை, உன் கோழிதானே என்றாள்.

வைத்தேன். மூன்று வாரத்தில் ஒரே ஒரு முட்டை தவிர எல்லாம் பொரித்துவிட்டன. முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு தலையை நீட்டியபோது நான் மூச்சுவிடாமல் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஈரமாக, இத்தனூண்டு. என் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் பெற்ற பிள்ளைகளைக் கையில் வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை. இதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் உண்மை.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரி முந்தானையில் முட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள். உன் மகளை வந்து அடை வைத்துத் தரச் சொல் என்று அம்மாவிடம் கேட்டாள். போய் வைத்தேன். அதுவும் நன்றாகப் பொரித்தது. அப்புறம் தெருக்கோடி வீடு, அப்புறம் கடற்கரைப் பக்கத்து வீடுகள். “அந்தப் புள்ள கையில கல்லக் குடுத்தாலும் பொரிச்சுக் குடுத்துரும்” என்று பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் பெரியம்மாவே ஒரு நாள் கடகப்பெட்டியில் முட்டையோடு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் வந்தாள். என்னை நாலு பேர் தேடி வந்த வருஷம் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

குஞ்சுகளை வளர்த்தது பெரும் பாடு. ஒரு கலயத்தில் ஓலைத்துண்டும் காய்ந்த சாணியும் போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டினால் அவை படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். அய்யா கொண்டுவரும் இறால் தலையை அவித்து நசுக்கிப் போடுவேன். வீடே நாறும். பருந்து மேலே வட்டமிட்டால் கறுப்பி ஒரு சத்தம் கொடுப்பாள், குஞ்செல்லாம் அவள் இறகுக்குள் போய்விடும். அப்படியும் இரண்டைப் பருந்து தூக்கியது, ஒன்றைக் கீரி தின்றது. பொழுது சாய்ந்தால் எல்லாவற்றையும் பஞ்சாரத்துக்குள் அடைத்து மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பேன். மூங்கில் பின்னிய அந்தப் பெரிய கூடையை இப்போது எந்த வீட்டிலும் காணோம். மருமகனிடம் பஞ்சாரம் என்றேன், ஏதோ சாமான் பேர் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த மாசிக்குள் பெரிதும் சிறிதுமாகப் பத்துப் பன்னிரண்டு உருப்படிகள் ஆகிவிட்டன. அந்த மாசியில்தான் நான் வயசுக்கு வந்தேன்.

பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. அது எல்லார் வீட்டிலும் நடந்ததுதான், அதற்குத் தனியாக அழ வேண்டியதில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்த மாமாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். அம்மாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டினால்தான் பெண்ணை அதற்குள் உட்கார வைப்பார்கள். வேறு யாரும் கட்டக் கூடாது.

மாமாவை அம்மா எப்படி எதிர்பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அம்மா கல்யாணத்தில் பிறந்த வீட்டுச் சீர் குறைச்சலாம். அதைப் பெரியம்மா நாள் தவறினாலும் சொல்லிக்காட்டத் தவற மாட்டாள். வானம் பார்த்த பூமிக்காரவுக, அவுக என்னத்தச் செய்வாக என்பாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு மாமா உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி என்று ஒரு சாக்கு நிறையச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். அக்குளில் ஒரு சேவல்.

சிவப்புச் சேவல். வால் கறுத்து மினுமினுத்தது. முற்றத்தில் நின்று அதை இரண்டு கையாலும் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். சந்தையில் மூன்று பேர் கேட்டும் விடாமல் தான் பிடித்துவந்ததாகச் சொன்னார். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு இதை அறுத்துத்தான் விருந்து, அதுவரை நல்லா இரை போட்டு வையுங்கள் என்றார். பெரியம்மா சேவலின் நெஞ்சைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததே அம்மாவுக்குப் போதும், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாமா பின்பக்கம் எனக்குக் குச்சைக் கட்டிவிட்டு, சேவலை என் பஞ்சாரத்துக்குள் விட்டுவிட்டு, பதினாறாம் நாள் சீரோடு வருவதாகச் சொல்லி ஊருக்குப் போனார்.

குச்சுக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். விடியுமுன் வெறும் வயிற்றில் பச்சை முட்டை, பின்னாலேயே அந்த ஓட்டில் நல்லெண்ணெய். என் கோழிகள் இட்ட முட்டைதான். கறுப்பி மறுபடி அடைக்கு வரப்போகிறாள், கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்றேன். உன் இடுப்பு பலமா, குஞ்சு பெரிசா என்று அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றினாள். ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதால் அய்யா பின்பக்கமே வருவதில்லை. பகலெல்லாம் ஓலை இடுக்கில் கண்ணை வைத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு என்ன வேலை?

அப்படிப் பார்த்துத்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் மணலைக் கிளறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சேவல் மட்டும் உச்சி வெயிலில் கண்ணை மூடி நின்றது. இறகு தொங்கிப்போயிருந்தது. இரை எடுக்கவில்லை, தண்ணீரை மட்டும் குடித்தது. என் கோழிகளும் அதே சட்டியில்தான் குடித்தன. வெள்ளைக் கழிச்சல் என்கிற ஒட்டுவாரொட்டிச் சீக்கு வந்தால் கோழி இப்படித்தான் நிற்கும் என்று தெருவில் கேள்விப்பட்டிருக்கிறேன். சோறு கொண்டுவந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அம்மா, அந்தச் சேவலு பகல்லயே தூங்குது. அதப் புடிச்சுத் தனியாக் கட்டும்மா.”

“சந்தையில இருந்து வந்த அசதி. மாமன் சீரக் கொற சொல்லாதடி, யாரு காதுலயாவது விழுந்துறப் போகுது.”

மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். தீட்டோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஊர் வம்பு எதற்கு என்று அதட்டிவிட்டுப் போனாள். சேவலின் மூக்கிலிருந்து நீர் வடிய ஆரம்பித்தது. கறுப்பி அதன் பக்கத்தில் போய் நிற்கும்போதெல்லாம் உள்ளேயிருந்தே உஸ் உஸ்ஸென்று விரட்டினேன்.

ஒரு மத்தியானம் அம்மா கிணற்றுக்குப் போயிருந்தாள். எனக்குக் காவலாக இருந்த பெரியம்மா பலகையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டாள். நான் குச்சை விட்டு வெளியே வந்தேன். வெளியே வரக் கூடாது, எதையும் தொடக் கூடாது, தெரியும். தெரிந்தேதான் வந்தேன். சேவலைத் தூக்கினால் கனமே இல்லை. நெஞ்செலும்பு கையில் குத்தியது. அதை வேலியோரம் கொண்டுபோய், பழைய வலைக் கயிற்றால் காலைக் கட்டிப் பனை மரத்து அடியில் விட்டேன். தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து மணலால் தேய்த்தேன். திரும்பிப் பார்த்தால் பெரியம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தீட்டுக் கையால் கோழியைத் தொட்டுவிட்டாள், மாமன் சீரை வேலியோரம் கட்டிப்போட்டு அவமானப்படுத்திவிட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். குடத்தோடு அம்மா ஓடிவந்தாள். நான் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“அதுக்குச் சீக்கும்மா. அங்கனயே கெடக்கட்டும். இங்கன விட்டா கறுப்பிக்கும் வந்துரும்.”

அம்மா சேவலைப் பார்த்தாள். கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அதுக்கு ஒண்ணுமில்ல. நீ உள்ள போ.”

கயிற்றை அவிழ்த்துச் சேவலைக் கொண்டுவந்து மறுபடியும் பஞ்சாரத்துக்குள் விட்டாள்.

விடிந்தபோது சேவல் செத்துக் கிடந்தது. இனி யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? நேற்றுத் தொட்டாள், இன்று செத்தது. அதற்குப் பிறகு என் கோழிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதலில் குஞ்சுகள். பிறகு முட்டையிடுகிற பெட்டைகள். கழுத்து முறுக்கிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து விழுந்தன. கறுப்பி கடைசி வரை தாங்கினாள். ஒரு சாயங்காலம் தடுமாறித் தடுமாறிக் குச்சு வரைக்கும் வந்து, ஓலைக்கு வெளியே, என் கைக்கு எட்டுகிற இடத்தில் படுத்துக்கொண்டாள். நான் தொடவில்லை. தொட்டால் அதுவும் என்னால்தான் என்பார்கள். தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவளும் செத்துப்போனாள். தொட்டிருக்கலாம். எப்படியும் அதுவும் என்னால்தான் என்றார்கள்.

பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பட்டுப்பாவாடை கட்டி மணையில் உட்கார வைத்தார்கள். மாமா ஏழெட்டுத் தாம்பாளத்தோடு வந்தார். சேவல் இல்லையென்று உடனே ஆளனுப்பி ஆட்டுக்கறிக்கு ஏற்பாடு செய்தார். பெரியம்மா சபையில் எல்லாவற்றையும் சொன்னாள். உங்க சீருக்கு உங்க மருமகளே எமனாயிட்டா என்றாள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“விடுங்கக்கா. சின்னப் புள்ள, தெரியாமத் தொட்டுருச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிற மாட்டேன்.”

எப்பேர்ப்பட்ட மனசு என்று சபை மெச்சியது. மாமா கால்ல விழு என்று அம்மா என் பிடரியில் கைவைத்து அமுக்கினாள். விழுந்தேன். அவர் சீக்குக் கோழியைக் கொண்டுவந்து என் கோழிக்கூட்டத்தையே கொன்றார், நான் அவர் காலில் விழுந்து மன்னிப்பு வாங்கிக்கொண்டேன். அந்த வயதிலேயே அது எனக்குப் புரிந்துதான் இருந்தது. எழுந்து மணையில் போய் உட்கார்ந்தேன்.

அதோடு முட்டை கொண்டுவருகிறவர்கள் நின்றுபோனார்கள். அய்யா ஒரு முறை, இன்னொரு கோழி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அவ கையில் கோழி வேண்டாம் என்று அம்மாதான் சொன்னாள். பெட்டிக்குள் மறுபடியும் பொடி மீன்தான் வந்தது. நிலக்கடலை ஊன்றும்போது முதல் விதையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் போடச் சொல்வார்கள், என்னை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். யாரும் திட்டவில்லை, முகத்துக்கு நேராக ஒரு சொல் சொல்லவில்லை. கையை நீட்டினால் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். ராசியில்லாத கை என்கிற பேர் பெண் கேட்டு வந்தவர்கள் காதுவரைக்கும் போயிற்று. ஒரு நல்ல இடம் அப்படித்தான் தட்டிப்போனது. கடைசியில் யார் காதிலும் எதுவும் விழாத தூரத்தில், பரமக்குடியில் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பேர் மட்டும் விடவில்லை. எனக்கு நேர் இளைய தம்பிக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நான் ஓடிப்போனேன். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்களில் அத்தைக்காரி வேலை. கிண்ணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அம்மா மெதுவாக அதை என் கையிலிருந்து வாங்கி, தம்பி பெண்சாதியின் சித்தியிடம் கொடுத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாளோ என்று பயம். வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன்.

இப்போது நான் இராமநாதபுரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். அய்யா போனபிறகு அம்மாவை நான்தான் வைத்திருக்கிறேன். தம்பிக்கு வசதிப்படவில்லை. போன ஆவணியில் என் பேத்தி பெரியவளானாள். மகள் கல்யாண மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தாள். மாமாவின் மகன் காரில் வந்து சீர் இறக்கினான். மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது, பெரியம்மாவும் போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவை நடுவில் உட்கார வைத்துப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சீர் பற்றிப் பேச்சு வந்தது. அம்மாவுக்குக் குஷி வந்துவிட்டது. அண்ணன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

“எங்கண்ணன் கொண்டாந்தாரு ஒரு சேவலு, கோயில்ல விடுறாப்புல. ஆனா வந்த அன்னைக்கே அது வெள்ளையாக் கழிஞ்சிருச்சு. நான் கண்ணால பாத்தேன். கால்லயே மண்ணத் தள்ளி மூடிப்புட்டேன். என் ஓரகத்தி, இவ பெரியம்மா, பாத்திருந்தா எம்பொறந்த வீட்டு மானம் கப்பலேறியிருக்கும். நல்ல காலம், இவ போயி அதத் தொட்டா. பழி இவ மேல போயிருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள்கூடச் சிரித்தாள். ஆச்சி கெட்டிக்காரி என்று யாரோ சொன்னார்கள். நான் வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். தெரியாமல் செய்தாள், அறியாமை, அந்தக் காலம் அப்படி என்று இத்தனை வருஷமும் அவளுக்காக நானே என்னிடம் வாதாடி வந்திருக்கிறேன். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னை உள்ளே போகச் சொன்னாள். தெரிந்துதான் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடுங்கினாள். தானே கட்டிய பொய் என்று தெரிந்தும், ஊர் மறந்த பிறகும், அவள் மட்டும் அதை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சேலை மாற்றிவிடும்போது கேட்டேன்.

“பெரியம்மாவும் போயாச்சு, மாமாவும் போயாச்சு. அப்பறமாவது சொல்லியிருக்கலாமுல்ல?”

“எதச் சொல்ல?”

“சேவலுக்குத்தான் சீக்குன்னு. என் மேல தப்பில்லன்னு.”

அம்மா கையைத் தூக்கிக் கொடுத்தபடியே யோசித்தாள். நான் எதற்கு இதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

“சொல்லி என்னடி செய்ய? செத்த கோழி திரும்பி வந்துருமா?”

அதற்கப்புறம் நான் அவளிடம் பேசுவதில்லை. குளிப்பாட்டுகிறேன், சோறு பிசைந்து கொடுக்கிறேன், மாத்திரை கொடுக்கிறேன், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. வாயை மட்டும் திறப்பதில்லை. வருகிறவர்களிடமெல்லாம், எம்மக என்னைய ராணியாட்டம் வச்சிருக்கா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாதக்கணக்காகிறது. நான் பேசாமல் இருப்பதை அவள் இன்னும் கவனிக்கவில்லை.